பதிமூணுக்கு அடுத்தது

எங்கூர்ல யாரையாச்சும் நிறுத்தி, "பதிமூணுக்கு அடுத்தது என்னப்பா"ன்னு கேட்டுப் பாருங்க. இருவத்தொண்ணும்பான். பல்லு போனவனும் சொல்லுவான், பால்வாடி போற பொடுசும் சொல்லும், கோயில் மைக்குல நானும் சொல்லுவேன். வெளியூர்க்காரங்க சிரிச்சுப்போட்டு, டீயக் குடிச்சுப்போட்டு, பஸ் ஏறிப் போயிருவாங்க. சிரிக்காம நிக்கறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

ஒரு கார்த்திகை மாசம், மழை விட்டும் விடாமத் தூறிக்கிட்டிருந்த வெள்ளிக்கெழமை, தறி ஓட்டுற ஆறுமுகம் ஊட்டுல ஒரு பொட்டப்புள்ளை பொறந்துச்சு, அதுக்கு எடது உள்ளங்கால்ல பச்சை குத்துனாப்பல ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு. மச்சம்னு விட்டுட்டாங்க. பத்து நாள் கழிச்சு பால் சொசைட்டி ராசு ஊட்டுல பொறந்த பையனுக்கு ரெண்டு. மார்கழில தையக்காரர் ஊட்டுல பொறந்ததுக்கு மூணு. சீயக்காத்தூள் போட்டுத் தேச்சாங்க, போகலை. வெளக்கெண்ணெ வெச்சாங்க, இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஊசி போட வர்ற நர்சம்மா காலைத் திருப்பிப் பாத்துச்சு, எடை எழுதற கட்டத்துக்குப் பக்கத்துல நம்பரையும் எழுதிக்கிச்சு, சைக்கிள்ல ஏறிப் போயிருச்சு. அதுக்கு மேல நாங்களும் அதிசயப்படலை. ரேசன் கார்டுக்கு நம்பர் இருக்குது, தறிக்கு நம்பர் இருக்குது, கரண்டு கம்பத்துக்கு நம்பர் இருக்குது, புள்ளைக்கு இருந்தா என்ன கேடுங்க?

எங்கூர் மாரியாத்தா கோயில்ல பாதச்செவுருன்னு ஒண்ணு இருக்குது. முப்பது நாளான கொழந்தையத் தூக்கியாந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்குன செவந்த தண்ணில எடது காலை முக்கி, அந்தச் செவுத்துல ஒரு ஒத்து ஒத்துவாங்க. கால் பதிஞ்சவன் ஊர்க்காரன், பதியாதவன் வந்தவன். கோயில் வரி குடுக்கற ஊட்டுப் புள்ளைங்களுக்குத்தான் அந்தச் செவுரு. இப்ப பாதத்தோட நம்பரும் சேந்து பதிஞ்சுது. கால்ல இருக்கற எழுத்து செவுத்துல திரும்பித்தானே பதியணும், ஆனா நேராவே பதிஞ்சுது. அதையும் நாங்க யாரும் கேக்கலை.

தை மாசம் ஓடைக்கு அக்கட்டால சென்னியப்பன் செங்கச்சூளை போட்டாரு. சென்னியப்பன்தான் எங்கூருக்குப் பெரியதனம். கோயில்ல மொத விபூதி அவருக்கு, பஞ்சாயத்துல கடைசிப் பேச்சு அவருக்கு. பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவாரு, "ம்க்கும்... ம்க்கும்... இத பாருங்கப்பா"ம்பாரு. அந்த ரெண்டாவது செருமலுக்குள்ள எங்கூர்ல நாயிகூடக் கொலைக்காது. நான் அதை அப்படியே செஞ்சு காட்டுவேன், டீக்கடையில புரண்டு புரண்டு சிரிப்பாங்க, அவருகூட ஒருநா கேட்டுப்போட்டு, "காளியப்பா, என்னைய விட நீ நல்லாச் செருமறடா"ன்னு துண்டால தட்டுனாரு.

சூளைக்குத் திண்டிவனத்துப் பக்கமிருந்து அறுவது குடும்பம் லாரியில வந்து எறங்குச்சு. ஓடைக்கு அந்தக் கரையில தகரக் கொட்டாய் லைன். சின்னது பெருசு எல்லாம் மண்ணு மிதிச்சு, கல்லு அறுத்து, ஒவ்வொரு பச்சைக்கல்லுலயும் 'செ'ன்னு பெரியதனத்து அச்சை வெச்சு வெயில்ல காயப்போடும். எங்கூர் ஆளுங்க அந்தப் பக்கம் போறதில்லை. நர்சம்மாவும் ஓடையில சைக்கிள் எறங்காதுன்னு போறதில்லை.

மாசிப் பொறப்புல பூக்காரர் ஊட்டுல ஒரு புள்ளை. காலைத் திருப்புனா அஞ்சு.

"நாலு எங்கீங்க?"ன்னாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சாமிக்கு நாலு ராசியில்லைன்னாங்க. மூணு எழுதுன கையோட சாமி சோறு திங்கப் போயிருச்சு, வந்து மறந்துபோய் அஞ்சு போட்டுருச்சுன்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் நெறையப் பேர் சிரிச்சாங்க.

நாலு எங்கயிருக்குதுன்னு எனக்கு அந்த வாரமே தெரியுங்க. மைக்செட் ரூம்பு கட்டக் கல்லு சொல்லிட்டு வரலாம்னு சூளைக்குப் போயிருந்தேன். அடுக்கி வெச்ச கல்லு அட்டிக்குக் கீழ, கோணி விரிச்சு ஒரு கைக்கொழந்தையப் போட்டிருந்தாங்க. காலை ஒதைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. உள்ளங்கால்ல மண்ணு அப்பியிருந்துச்சு, மண்ணுக்குள்ள நாலு. வந்து டீக்கடையில சொன்னேன். ஒருத்தன், "அது சூளைக்காரிச்சி கல்லுன்னு நெனச்சு அச்சு வெச்சிருப்பாடா"ன்னான். சிரிச்சோம். ஊட்டுக்கு வந்து எம்பட தங்கச்சி ரங்கநாயகிகிட்டயும் சொன்னேன், அப்ப அவ ஆறு மாசம், அம்மா ஊட்டுக்குப் பலகாரம் தின்ன வந்திருந்தா. அவ மட்டும் சிரிக்கலை. "பாவம், அதையும் செவுத்துல வெச்சா என்ன?"ன்னா. நான் பெரியதனத்தாட்டம் ரெண்டு செருமு செருமி, "ம்க்கும்... ம்க்கும்... செவுரு பத்தாதம்மிணி"ன்னேன். அதுக்குச் சிரிச்சா.

பங்குனியில மளிகைக்கடை ஊட்டுல எட்டு.

இப்பத்தான் டியூசன் வாத்தியார் ஜெயசீலன் உள்ள வர்றாரு. அவரு மூக்குலயே பேசுவாரு, ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசில, "புரிஞ்சவங்க தலையாட்டுங்க"ம்பாரு, புரியாதவனுக்கும் கழுத்து ஆடிரும். அவரு பாதச்செவுத்து முன்னாடி மூணு நாள் சம்மணம் போட்டு உக்காந்திருந்தாரு. நாலாம் நாள் எந்திரிச்சு, சாக்பீஸ் எடுத்து, கோயில் தரையில எழுதுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு.

"ஒண்ணும் ரெண்டும் மூணு. ரெண்டும் மூணும் அஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. முன்னாடி ரெண்டைக் கூட்டு, பின்னாடி ஒண்ணு வந்துரும். சாமி கணக்குப் போடுதுங்க. அடுத்த புள்ளை பதிமூணு. புரிஞ்சவங்க தலையாட்டுங்க."

ஊரே தலையாட்டுச்சு.

அடுத்த புள்ளை பெரியதனத்து மருமவளுக்கு. சித்திரை மூணாந்தேதி, ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து நிக்கறதுக்கு முன்னாடியே ஊர் கூடியிருச்சு. பெரியதனம் பேரனைக் கையில வாங்கி, துணியை விலக்கி, எடது காலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுனாரு. பதிமூணு.

அன்னைக்குப் போட்ட சத்தத்துல ரெண்டு தென்னமரத்துல எளநி உதுந்துச்சு. கெடா வெட்டுனாங்க, பதிமூணு கெடா. ஜெயசீலன் வாத்தியாருக்கு சால்வை போத்துனாங்க, அவரு சால்வைக்குள்ளயிருந்து, "புரிஞ்சவங்க"ன்னாரு, அதுக்குள்ளயே எல்லாருக்கும் தலை ஆடிப்போச்சு. நான் மைக்கைப் புடிச்சு, நம்ம பெரியதனத்து பேரன், சாமி எண்ணி வெச்ச பேரன், பதிமூணாம் பேரன்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்துனேன்.

அப்பறம் எங்கூர்ல அந்தக் கணக்குப் பொழைப்புக்குள்ளயே எறங்கிருச்சுங்க. சீர் கொண்டு போனா தட்டு மூணு, அஞ்சு, எட்டுன்னுதான் அடுக்குனாங்க, ஆறு தட்டு கொண்டுவந்த சம்பந்தியைத் திண்ணையோட திருப்பி அனுப்புனாலும் அனுப்புவாங்க, உள்ள விட மாட்டாங்க. தறிக்குடோன்ல பாவு சுத்தறதுக்கு அந்தக் கணக்கு, கத்திரிக்கா கூறு கட்டறதுக்கு அந்தக் கணக்கு, எழவு ஊட்டுல மூணாம் நாளும் அஞ்சாம் நாளும் எட்டாம் நாளும் போய் ஒக்காந்து அழறதுக்கும் அந்தக் கணக்கு, நடுவுல ஏழாம் நாள் அழுகை வந்தவ வாயில முந்தானையத் திணிச்சுக்கிட்டு எட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டா. மாடு நாலாவதா ஈனுன கன்னுக்குட்டிய நாலுன்னு யாரும் சொல்றதில்லை, "மூணுக்கு அடுத்தது"ம்பாங்க. பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புப் புள்ளைங்க நாலுன்னு சொன்னா வாத்திச்சியம்மா வாயில ரெண்டு விரலை வெச்சு, "உஸ்..."ங்கும்.

பதிமூணுக்கு அடுத்த புள்ளை யாருக்குன்னு பாத்தாங்க. எம்பட தங்கச்சிக்கு.

ரங்கநாயகிய உள்ளூர்லயேதான் குடுத்திருந்தோம். மாப்ளை நல்லமுத்து தறி ஓட்டுறவன், வாயில்லாப் பூச்சி, கோவம் வந்தாக்கூட நகத்துல சிக்குன நூலைப் புடுங்கிக்கிட்டுத்தான் நிப்பான். இப்ப அவனுக்கு ஊர்ல தனி மருவாதி. எட்டும் பதிமூணும் இருவத்தொண்ணு. ஊர் அவளை இருவத்தொண்ணுன்னே கூப்புட்டுச்சு. "இருவத்தொண்ணு, வெயில்ல நடக்காத." "இருவத்தொண்ணுக்கு மாம்பழம் எடுத்து வை." அவளோட மாமியாக்காரி, அதுவரைக்கும் ஒரு டம்ளர் மோர் ஊத்திக் குடுக்காதவ, காலைப் புடிச்சு விட்டா. பாதச்செவுத்துல பதிமூணுக்குப் பக்கத்துல சுண்ணாம்பு அடிச்சு, கட்டம் கட்டி, மேல இருவத்தொண்ணுன்னு முன்கூட்டியே எழுதி வெச்சாங்க, பாதம் மட்டும்தான் பாக்கி.

ரங்கநாயகி எங்கிட்ட வந்து கேட்டா. "ஏண்ணா, அது வரலீன்னா?"

"வராம எங்க போகுது? ஜெயசீலன் வாத்தியார் சொல்லிட்டாரு, வயித்துக்குள்ளயே தலையாட்டியிருக்கும்."

"வெளையாடாதண்ணா. எனக்கு நெஞ்சு அடிக்குது."

நான் மூக்குல பேசிக்காட்டுனேன். "நெஞ்சு அடிக்கறவங்க தலையாட்டுங்க." அவ சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சா.

வைகாசி விசாகத்துக்கு மறுநாள் காத்தால அவளுக்குப் பொட்டப்புள்ளை பொறந்துச்சு. வாசல்ல கூட்டம். மாமியாக்காரி உள்ள போயி, காலைத் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, காலைத் தலைகீழா நிறுத்திப் பாத்தா. அப்பறம் கண்ணாடியைக் கொண்டாரச் சொல்லி கண்ணாடிக்குள்ள பாத்தா. எப்படிப் பாத்தாலும் பதினாலு.

வாசல்ல நின்ன கூட்டம் ஒரு வார்த்தை பேசாமக் கலைஞ்சுது. மேளக்காரங்க மேளத்துக்கு உறையைப் போட்டாங்க. இருவத்தொண்ணு தட்டுல வெச்சிருந்த லட்டை ஒருத்தரும் தொடலை, பொழுதுக்குள்ள எறும்பு தின்னு தீத்துச்சு.

மறுநாள் ஊர் பேச ஆரம்பிச்சுது. பேசறது எங்கூருக்கு மூச்சு விடறாப்பல. "சாமி போட்ட கணக்குத் தப்பாது, அப்ப புள்ளைதான் தப்பு." "ரெண்டைக் கூட்டுனாத்தான் ஒண்ணு வரும், இங்க கூட்டுன ரெண்டுல ஒண்ணு நம்மூர் இல்லையோ என்னமோ." நல்லமுத்து காதுபடவே சொன்னாங்க. அவன் நூலைப் புடுங்குனான். ஜெயசீலன் வாத்தியாரைக் கூட்டியாந்து காட்டுனாங்க. அவரு பலகையில எழுதி, கழிச்சு, சாக்பீசைக் கீழ வெச்சாரு.

"இருவத்தொண்ணுல பதினாலு போனா ஏழு. ஏழு கொறையுது. அந்த ஏழு எங்க போச்சுன்னு பெத்தவதான் சொல்லணும். புரிஞ்சவங்க தலையாட்டுங்க."

மாமியாக்காரி பச்சை ஒடம்புக்காரியை வாசப்படில ஒக்கார வெச்சு, "ஏழு எங்கடி? சொல்லிப்போட்டு உள்ள வா"ன்னா. முப்பதாம் நாள் ஞாயித்துக்கெழமை. அதுக்குள்ள சொல்லலீன்னா புள்ளைக்குச் செவுரு இல்லை, அவளுக்கு அந்த ஊடு இல்லை. இதுதான் பெரியதனத்து வார்த்தை.

எம்பட தங்கச்சி அழுதுக்கிட்டே கெடந்திருந்தா நான் இவ்வளவு தூரம் சொல்ல வேண்டியிருக்காது. அவ எந்திரிச்சுட்டா. புள்ளையத் தோள்ல தூளி கட்டிக்கிட்டு ஏழைத் தேடப் போனா. குதிருக்குள்ள தேடுனா, அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுப் பாத்தா, கெணத்துல எட்டிப் பாத்தா, இருவத்தஞ்சு நாளு தேடுனா, ஊர் அவ பின்னாடியே, "என்ன அம்மிணி, கெடைச்சுதா?"ன்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்சுது. நானும் கேட்டேன், மத்தவங்க கொரல்ல. கடைசில எங்கூருக்குள்ள தேட எடமில்லாமப் போச்சு, ஓடையில எறங்கி அந்தக் கரைக்கு ஏறுனா.

அங்க மேஸ்திரி பொஞ்சாதி கன்னியம்மா தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்து கொழந்தைங்களைக் குளிக்க ஊத்திக்கிட்டிருந்தா. லைன்ல யாருக்குப் பிரசவம்னாலும் கை குடுக்கறது அவதான். ஒவ்வொண்ணாக் குளிப்பாட்டி, தகரத்து மேல குப்புறப் போட்டுக் காய வெச்சிருந்தா. ஏழு கொழந்தைங்க. பதினாலு குட்டிக் காலு. ரங்கநாயகி எடது காலா எண்ணிக்கிட்டே வந்தா. நாலு. ஆறு. ஏழு. ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.

"இது எப்ப வந்துதுங்க?"ன்னாளாம்.

"பொறக்கசொல்லவே வந்துது, தாயி. கல்லுக்கு அச்சு வெக்கிற மாரி மொதலாளி எங்க புள்ளைங்களுக்கும் வெச்சுட்டாரு போலன்னு இருந்துட்டோம். ஏன், தப்புங்களா?"

எம்பட தங்கச்சி அங்கயே மண்ணுல ஒக்காந்து சிரிச்சாளாம். அவ்வளவு நாள் அழுததுக்கும் சேத்துச் சிரிச்சாளாம். தூளியை அவுத்து, அவளோடதையும் அந்த வரிசையில கடைசியாக் குப்புறப் போட்டாளாம்.

ஞாயித்துக்கெழமை காத்தால கோயில்ல பஞ்சாயத்து. பெரியதனம் மடியில பேரன். ஊர் முச்சூடும் உக்காந்திருக்குது. நான் மைக்குகிட்ட. ரங்கநாயகி வந்தா, பின்னாடி கன்னியம்மா, அவ பின்னாடி ஏழு பொம்பளைங்க, ஆளுக்கொரு கைக்கொழந்தை. மதிலுக்கு வெளிய அவங்க நின்னுட்டாங்க, உள்ள வரலை. ரங்கநாயகி மட்டும் உள்ள வந்து, பாதச்செவுத்து முன்னாடி நின்னா.

"ஏழு கெடைச்சுதுங்க"ன்னா.

செவுத்துல கையை வெச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னா. மதிலுக்கு வெளிய கன்னியம்மா ஒரு கொழந்தை காலைத் தூக்கிக் காட்டி, "நாலு"ன்னா. ரங்கநாயகி செவுத்துல, "அஞ்சு." வெளிய, "ஆறு." "ஏழு." செவுத்துல, "எட்டு." வெளிய ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பெரியதனத்து மடியைக் காட்டி, "பதிமூணு." அப்பறம் அவளோட புள்ளை காலைத் தூக்குனா.

"கூட்டலும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. சாமி சும்மா எண்ணியிருக்குது. பொறக்கப் பொறக்க எண்ணியிருக்குது. நாமதான் பாதியை எண்ணலை."

ஜெயசீலன் வாத்தியார் மடிக்குள்ள கைய வெச்சு விரல் விட்டு எண்ணுனாரு. நான் பாத்தேன். பத்து முடிஞ்சு, கால் விரலுக்குப் போனாரு. அவருக்குப் புரிஞ்சுபோச்சு, அன்னைக்கு அந்தக் கூட்டத்துல புரிஞ்சும் தலையாட்டாத ஆளு அவரு ஒருத்தர்தான். பெரியதனம் அவரைப் பாத்தாரு. அவரு மூக்குக்கு மறுபடியும் சத்தம் வந்துச்சு.

"அது... ஒண்ணு ரெண்டு மூணு நாலுங்கறது ரொம்பச் சாதாரணக் கணக்குங்க. மாடு மேய்க்கறவனும் எண்ணுவான். சாமி போயி அவ்வளவு சாதாரணமாப் போடுமுங்களா?"

பெரியதனம் செருமுனாரு. ரெண்டு தடவை. "இத பாரு அம்மிணி. அப்ப எம்பட பேரன், மண்ணு மிதிக்கறவ பெத்த பன்னெண்டாவதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கறவனா? ரேசன் கடையாட்டமா?"

"பொறந்தது அப்படித்தானுங்க."

"நாலுன்னு ஒண்ணு இருந்தா இத்தனை நாள் யாராச்சும் பாத்திருக்கோணுமல்ல? இப்ப கரி வெச்சு எழுதிக் கூட்டியாந்தா?"

ரங்கநாயகி திரும்பி என்னைப் பாத்தா. "எங்கண்ணன் பாத்துச்சுங்க. மாசியிலயே பாத்துச்சு. சொல்லுண்ணா."

எம்பட பொண்டாட்டிக்கு அப்ப அஞ்சு மாசம். ஊர் திரும்பி என்னைப் பாக்குது. பெரியதனம் பாக்குறாரு. மாப்ளை நல்லமுத்து நூலை விட்டுட்டு அன்னைக்குத்தான் மொத மொதல்ல தலையத் தூக்கிப் பாக்கறான், நான் ஆமான்னா அவனும் எந்திரிச்சு வந்து அவ பக்கத்துல நின்னிருப்பான்னு எனக்கு இன்னைக்கும் தோணுது. மைக்கு கையில இருக்குது. பாத்தேன்னு சொல்ல ஒரு மூச்சு போதும். வாயைத் தொறந்தேன்.

"ம்க்கும்... ம்க்கும்... இத பாருங்கப்பா. பாத்தது பாத்ததுதான். ஆனா பாத்தவனைப் பாத்தா நம்பற மாதிரியா இருக்குது?"

அப்படியே பெரியதனத்து கொரலு. ஊரு வெடிச்சுச் சிரிச்சுது. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, பக்கத்து ஆளு தோள்ல அடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுது. பெரியதனமும் சிரிச்சாரு, மடியில பேரனும் குலுங்குச்சு. நல்லமுத்து தலையத் தொங்கப் போட்டான்.

சிரிப்பு அடங்கற வரைக்கும் எம்பட தங்கச்சி பொறுத்திருந்தா. அப்பறம் மெதுவாத்தான் கேட்டா, மைக்கு பக்கத்துல இருந்ததுனால ஊருக்கே கேட்டுச்சு.

"ஊர்ல இருக்கற எல்லார்த்து கொரலும் உங்கிட்ட இருக்குதண்ணா. உம்பட கொரலு எது?"

பதினாலு சூளைக் கணக்குன்னு தீர்ப்பு ஆச்சு. அவ பொடவை மாத்தக்கூட ஊட்டுக்குப் போகலை. கன்னியம்மா தூளியை வாங்கிக்கிட்டா, ஒம்பது பொம்பளைங்களும் எட்டுக் கொழந்தைங்களும் ஓடையில எறங்குனாங்க. ஆனி கடைசில மழைக்கு முன்னாடி சூளையை மூடுனாங்க. லாரி வந்துச்சு. நான் ரோட்டோரம் நின்னேன். தட்டுமுட்டுச் சாமானுக்கு நடுவுல அவ ஒக்காந்திருந்தா. என்னையப் பாத்தா. பல்லைக் காட்டி, கண்டக்டராட்டம் விசில் அடிக்கலாம்னு ஒதட்டைக் குவிச்சேன், காத்துதான் வந்துச்சு.

ஐப்பசில எம்பட பொண்டாட்டிக்குப் பொட்டப்புள்ளை பொறந்துச்சு. கதவைச் சாத்திப்போட்டு நான்தான் காலைத் திருப்பிப் பாத்தேன்.

பதினஞ்சு.

அன்னைக்கே சந்தைக்குப் போயி சாக்ஸ் வாங்கியாந்தேன். சின்ன சாக்ஸ், மஞ்சக்கலரு, வாத்து படம் போட்டது. "என்னப்பா, இந்த வேக்காட்டுல சாக்ஸ்?"ன்னு கேட்டாங்க, "ஊட்டிக்காரராட்டம் வளக்கறேன்"ன்னேன். சிரிச்சாங்க. அடுத்த மாசம் பால் சொசைட்டி ராசு ஊட்டுல இன்னொரு புள்ளை பொறந்துச்சு, அதுக்கும் மறுநாளே சாக்ஸ். ராசு எங்கிட்ட வந்து, "எந்தக் கடை?"ன்னு மட்டும் கேட்டான். அதுக்கடுத்ததுக்கும் சாக்ஸ். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேக்கலை. சூளையையும் பெரியதனம் அப்பறம் போடலை, ஹாலோபிளாக் மிசினு வாங்கிப் போட்டாரு. மிசினு புள்ளை பெறாது பாருங்க.

பதினஞ்சுலயிருந்து இருவது வரைக்கும் ஆறு புள்ளைங்க எங்கூர்ல சாக்ஸோட வளந்துச்சு, செவுத்துலயும் சாக்ஸோடயே காலை ஒத்துனாங்க. அதுக்கப்பறம் பூசாரி ஊட்டுல பொறந்ததுக்கு இருவத்தொண்ணு. பூசாரி வெறுங்காலோட புள்ளையத் தூக்கிக்கிட்டுத் தெருவுல ஓடியாந்தாரு. பழைய கட்டத்துல, எம்பட தங்கச்சி புள்ளைக்குன்னு எழுதி வெச்ச கட்டத்துல, அதோட பாதத்தைப் பதிச்சாங்க. இருவத்தொரு கெடா. ஜெயசீலன் வாத்தியாருக்கு ரெண்டாவது சால்வை. நான்தான் மைக்கு. அடுத்தது முப்பத்தி நாலு. அதுவரைக்கும் பன்னெண்டு புள்ளைங்களுக்குச் சாக்ஸு வாங்கோணும், கடைக்காரன் எங்கூர் ஆளைப் பாத்தாலே ஒக்கார நாக்காலி போடறான். சித்திரை வெயில்ல எங்கூர்ப் புள்ளைங்க கால் வெந்து, சொறிஞ்சுக்கிட்டு, நொண்டி நொண்டி நடக்குது. வெளியூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தவங்க, "இந்தூர்ல ஏதாச்சும் கால் சீக்குங்களா?"ன்னு கேட்டாங்க.

இப்ப எம்பட மவளுக்கு ஆறு வயசு. சாக்ஸைக் கழட்டறது குளிக்கறப்ப மட்டும்தான். போன வாரம் குளியலறையில இருந்து, "அப்பா, இங்க வா"ன்னு கூப்புட்டா. அந்தச் சூளையோட கடைசி லோடுக் கல்லுலதான் அந்தக் குளிக்கற ரூம்பைக் கட்டுனது. ஈரத்துல பூச்சு பேந்து ஒரு மொழத்துக்கு விழுந்து கெடந்துச்சு. உள்ள தெரிஞ்ச கல்லுல பெரியதனத்து அச்சு இல்லை. அச்சு இருக்கற எடத்துல குட்டியா ஒரு எடது பாதம். பச்சைக்கல்லுல புள்ளையப் புடிச்சு மெதுவா அழுத்தி, சூளையில வெச்சுச் சுட்டிருக்காங்க. அஞ்சு வெரலும் தெரியுது. நடுவுல பதினாலு.

ஊர்ல அந்த லோடு எந்தெந்த ஊட்டுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும். பெரியதனத்து புது ஊடு, கோயில் மதிலு, டீக்கடை. பூச்சுக்குள்ள நாலும் ஆறும் ஏழும் எங்கயோ நிக்குது.

மவ சோப்பு நொரையோட காலைத் தூக்கி அந்தக் கல்லுகிட்ட வெச்சுப் பாத்தா. அவ கால் இப்ப பெருசு.

"அப்பா, இது பதினாலு. என்னுது பதினஞ்சு. பதினாலுக்கு அடுத்தது பதினஞ்சுதானப்பா? அப்ப எனக்கு முன்னாடி இவதான? இவ யாருப்பா?"

யாரு கொரல்லயாச்சும் ஒண்ணு சொல்லிச் சிரிக்க வெச்சிரலாம்னு தொண்டைக்குள்ள தேடுனேன். பெரியதனம் வரலை. வாத்தியார் வரலை. பால்காரன், கண்டக்டரு, பூசாரி, எவனும் வரலை. கடைசில ஒரு கொரலு வந்துச்சு, கரகரன்னு, தண்ணி காணாத கொரலு, இதுவரைக்கும் நானே கேட்டதில்லை.

"பதினாலுன்னு ஒண்ணு இல்லை சாமி. பதிமூணு, அதுக்கு அடுத்தது இருவத்தொண்ணு. எங்க, சொல்லு."

அவ சொன்னா. நான் துண்டால அவ காலைத் தொடைச்சு, சாக்ஸை மாட்டி விட்டேன்.